ஊருக்கே ஒரே நேரத்தில் எஸ்எம்எஸ்: உங்கள் போனிலிருந்தே அனுப்ப முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள், வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் பக்கமோ அணைக்கட்டு ஊர்ப் பக்கமோ ஏதாவது ஒரு ஏரிப் பாசன சங்கத்தின் உறுப்பினர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகப் பார்க்க வேண்டும். இவரிடம் இருப்பது பட்டன் போன். அந்த அம்மா வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு, ஆனால் அது காலையிலேயே மகனோடு ஆம்பூருக்கு வேலைக்குப் போய்விடும். இன்னொருவருக்கு வாட்ஸ்அப் இருக்கிறது, நெட் பேக் தீர்ந்து பல நாள் ஆகிறது. மதகு திறக்கும் சேதி யாருக்கு மிகவும் தேவையோ அவரே விட்டுப்போகிறார்.

முன்பெல்லாம் இதற்குத் தண்டோரா இருந்தது. மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடிக்க விடும் அந்த வழக்கத்தை 2022-ல் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது, நல்ல முடிவு. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வருகிறது, சரி. ஆனால் கழனியில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அது காதில் விழாது. பையில் இருக்கும் போனுக்கு வரும் நாலு வரி எஸ்எம்எஸ்ஸை மாலையில் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

எஸ்எம்எஸ்ஸுக்கு இணையம் வேண்டாம். ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் போய்ச் சேரும். பீஞ்சமந்தை மாதிரி ஜவ்வாது மலை ஊர்களில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். போன் அணைந்திருந்தால் செய்தியை நெட்வொர்க் வைத்திருந்து, போன் உயிர்பெற்றதும் கொடுக்கும். ஏரிச் சங்கம், பால் சங்கம், கூழ் வார்க்கும் திருவிழாக் குழு, மகளிர் குழு, பள்ளிப் பெற்றோர் கூட்டம் என்று 50 முதல் 200 பேர் வரை சேதி சொல்ல வேண்டிய யாருக்கும் இந்த முறை ஒத்துவரும்.

பட்டியல்தான் பெரிய வேலை

எல்லோரும் நேராக ஆப்பைத் தேடிப் போகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் முக்கால் பங்கு பட்டியல்தான். அது சரியாக இருந்தால் அனுப்புவது பத்து நிமிடக் காரியம்.

முதலில் நோட்டிலேயே எழுதுங்கள். பெயர், தெரு அல்லது மடை, எண், போன் வகை, சம்மதம் என்று ஐந்து பத்தி போதும். எண் கேட்கும்போது "உங்க நம்பர் என்ன?" என்று கேட்காதீர்கள். "பகலில் வீட்டிலேயே இருக்கிற போன் எது?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதி சிக்கல் தீரும். குடும்பத் தலைவர் பெங்களூரில் இருப்பார், கழனியைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவியாக இருக்கும். சேதி போக வேண்டியது அந்த அம்மாவுக்கு. பீடி சுற்றும் வீடுகளில் பகல் முழுக்கப் பெண்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் நோட்டில் இருப்பது கணவர் எண். இரண்டு எண்ணையும் வாங்கி, எது முதலில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சம்மதம் என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். "சங்கத்திலிருந்து எஸ்எம்எஸ் வரும், பரவாயில்லையா?" என்று வாய்விட்டுக் கேட்டு 'ஆம்' என்று எழுதுங்கள். வேண்டாம் என்றவரைச் சேர்க்காதீர்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. பின்னால் வரும் புகார் விஷயத்தைப் படித்தால் ஏன் என்று புரியும்.

அடுத்து, நோட்டில் இருப்பதை போனுக்கு ஏற்ற வேண்டும். பெயரைச் சேமிக்கும்போது முன்னால் மடைப் பெயரைப் போடுங்கள்: 'மேல்மடை குமார் கோயில் தெரு', 'கீழ்மடை குமார் டெய்லர்' என்று. ஊரில் எத்தனை குமார் இருந்தாலும் குழப்பம் வராது. அகர வரிசையில் ஒரு மடைக்காரர்கள் எல்லோரும் ஒன்றாகவே வந்து நிற்பார்கள்.

கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'லேபிள்' என்று ஒரு வசதி உண்டு. மேல்மடைக்கு ஒரு லேபிள், கீழ்மடைக்கு ஒன்று, நிர்வாகிகளுக்கு ஒன்று உருவாக்கி ஆட்களைச் சேர்த்துவிட்டால், லேபிளைத் திறந்து மூன்று புள்ளி மெனுவிலிருந்தே மொத்தப் பேருக்கும் செய்தி தொடங்கலாம். சாம்சங் போனின் சொந்தக் கான்டாக்ட்ஸில் இதற்குப் பெயர் 'குரூப்'.

நூறு பேருக்கு மேல் என்றால் விரல் வலிக்கத் தட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை யாரையாவது பிடித்து எக்செல்லில் அடிக்கச் சொல்லி, சிஎஸ்வி கோப்பாக்கி, கூகுள் கான்டாக்ட்ஸின் இணையப் பக்கத்தில் இம்போர்ட் செய்யலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. எண்ணை 91 சேர்த்து 12 இலக்கமாக அடித்தால், எக்செல் அதை ஏதோ பெரிய தொகை என்று எடுத்துக்கொண்டு 9.1 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிவிடும். அப்படியே சிஎஸ்வி ஆக்கினால் எண்ணின் பின்பாதி தொலைந்தே போகும். அடிக்கும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது 10 இலக்கம் மட்டும் அடியுங்கள். இம்போர்ட் ஆன பிறகு நாலைந்து எண்களை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

70 எழுத்துக்குள் சேதி

எஸ்எம்எஸ் ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தில் அடித்தால் அதற்குள் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்தில் அடித்தால் 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் போவதால் ஒரு துண்டுக்கு 67 ஆகக் குறையும். படிப்பவருக்கு ஒரே செய்தியாகத்தான் தெரியும், ஆனால் உங்கள் பேக்கில் இரண்டு எஸ்எம்எஸ் கழியும்.

அந்த 70-ஐ எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'திறப்பு' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நாலு எழுத்து: தி, ற, ப், பு. போன் கணக்கில் ஏழு. த-வுக்கு ஒன்று, கொக்கிக்கு ஒன்று, ற ஒன்று, ப ஒன்று, புள்ளிக்கு ஒன்று, இன்னொரு ப ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று. மெய்யும் உயிர்மெய்யும் நிறைந்த நம் மொழியில் 70 என்பது சீக்கிரம் தீர்ந்துவிடும். 'அனைவருக்கும் வணக்கம்' என்று தொடங்கினாலே 20 போய்விட்டது.

அதனால் வணக்கத்தை நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்யும் வடிவம் இது:

ஏரி மதகு வெள்ளி காலை 6 மணிக்குத் திறப்பு. மேல்மடை முதலில். சங்கம்

இது போன் கணக்கில் 65. ஒரே எஸ்எம்எஸ். என்ன, எப்போது, யாருக்கு முதலில், யார் சொல்வது, நாலும் உள்ளே வந்துவிட்டன. 'நாளை' என்று எழுதாமல் 'வெள்ளி' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். போன் அணைந்திருந்து மறுநாள் செய்தி கிடைத்தவருக்கு 'நாளை' என்பது தப்பான நாளாகிவிடும். தண்ணீர் முறை விஷயத்தில் அந்த ஒரு நாள் தப்பு சண்டையில் போய் முடியும். 'காலை' என்ற சொல்லையும் விடாதீர்கள். வெறும் 6 மணி என்றால் சாயங்காலம் மண்வெட்டியோடு வந்து நிற்பவர் இருப்பார்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் 160 கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் தமிழ்ப் பத்திரிகை சரளமாகப் படிக்கும் பெரியவர்கள் பலர் அதில் தடுமாறுகிறார்கள். நம் ஆட்களுக்குத் தமிழ் எழுத்தே சரி. சில பழைய பட்டன் போன்களில் தமிழ் வெறும் கட்டமாகத் தெரியும். அந்த எண்களை மட்டும் பட்டியலில் குறித்துவைத்து, தனி லேபிள் போட்டு, ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது ஒரு தமிழ் எழுத்தோ, எமோஜியோ, ரூபாய்க் குறியோ நடுவில் வந்தாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். ரூபாய் என்பதையும் எழுத்தில் அடியுங்கள்.

பேக்கில் எத்தனை இருக்கிறது?

பெரும்பாலான ப்ரீபெய்ட் பேக்குகளில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் இலவசம். மலிவான சில பேக்குகளில் அதுவும் கிடையாது. அனுப்பும் முன் கம்பெனியின் ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு போடுங்கள். உங்கள் பட்டியலில் 180 பேர். செய்தி 65 எழுத்து என்றால் 180 எஸ்எம்எஸ். 75 எழுத்தாகிவிட்டால் 360! ஒரே போனில் இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. இதற்கு நல்ல வழி, மடை வாரியாகப் பொறுப்பைப் பிரித்துவிடுவது. மேல்மடை 90 பேருக்கு ஒருவர், கீழ்மடை 90 பேருக்கு இன்னொருவர். இருவருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்து, அதை எழுத்து மாறாமல் அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மாதிரி எழுதினால் "அவனுக்கு 6 மணின்னு வந்திருக்கு, எனக்கு வேற மாதிரி வந்திருக்கு" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். பொறுப்பு பிரிந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. பதில் கேட்டு வரும் போன்களும் இரண்டாகப் பிரியும், அந்தந்த மடைக்காரருக்குத் தெரிந்த ஆளே பதில் சொல்வார்.

போனில் அமைக்கும் முறை

ஆண்ட்ராய்டில் கூகுள் மெசேஜஸ் ஆப்பை வைத்துச் சொல்கிறேன். வேறு ஆப் என்றால் சொற்கள் மாறும், விஷயம் ஒன்றுதான்.

1. ஆப்பைத் திறந்து மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, மெசேஜஸ் செட்டிங்ஸுக்குப் போங்கள்.

2. 'ஆர்சிஎஸ் சாட்ஸ்' (எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிலாக இணையம் வழியே செய்தி அனுப்பும் வசதி) என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். இது மிக முக்கியம். இது ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களிடமும் அதே வசதி இருக்கும்போது அது ஒரு அரட்டைக் குழுவாகிவிடும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், ஒருவர் 'சரி' என்று போட்டால் எல்லோருக்கும் டிங் டிங் என்று அடிக்கும். மகளிர் குழு எண்களை இப்படி வெளியே விடுவது கூடவே கூடாது.

3. அதே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' என்பதற்குள் 'குரூப் மெசேஜிங்' இருக்கும். இரண்டு தேர்வுகள் வரும். ஒன்று எம்எம்எஸ் குழு. மற்றது எல்லோருக்கும் தனித்தனி எஸ்எம்எஸ் போய், பதிலும் தனித்தனியாக உங்களுக்கே வரும் முறை. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

4. அங்கேயே எஸ்எம்எஸ் டெலிவரி ரிப்போர்ட்டை இயக்குங்கள். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பின்னால் பார்க்க உதவும்.

5. இரண்டு சிம் போட்ட போன் என்றால், எந்த சிம்மில் இலவச எஸ்எம்எஸ் இருக்கிறதோ அதைத் தேர்வு செய்யுங்கள். அவசரத்தில் மறப்பது இதைத்தான். காசு போவதும் இதில்தான்.

6. உங்கள் வீட்டு எண் ஒன்று, ஒரு பட்டன் போன் ஒன்று என இரண்டு பேருக்கு மட்டும் முதலில் அனுப்பி, அந்த போன்களையே கையில் வாங்கிப் பாருங்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா? ஒரே செய்தியாக வந்ததா? அடுத்தவர் எண் தெரிகிறதா?

7. எல்லாம் சரி என்றால் 20, 20 பேராகச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே செய்திக்கு எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற வரம்பு போனுக்குப் போன், நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறுகிறது. 20 என்பது பெரும்பாலும் இடிக்காத அளவு. ஒரு தொகுதி போய் முடிந்த பிறகு சில நிமிடம் விட்டு அடுத்தது. குறுகிய நேரத்தில் ஏராளமாகக் கொட்டினால் நெட்வொர்க்கின் ஸ்பேம் வடிகட்டி உங்களைச் சந்தேகிக்கலாம்.

அனுப்பும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பும் வசதி வரும். இரவு உட்கார்ந்து தயார்செய்து, காலை 7 மணிக்குப் போகும்படி வைக்கலாம். அந்த நேரத்தில் போன் உயிரோடும் சிக்னலோடும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐபோன்காரர்கள் செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குப் போய் 'குரூப் மெசேஜிங்' என்பதை அணைக்க வேண்டும். கான்டாக்ட்ஸில் 'லிஸ்ட்' உருவாக்கி, அதை அழுத்திப் பிடித்தால் மொத்தப் பேருக்கும் செய்தி எழுதலாம். இரண்டு மூன்று பேருக்குச் சோதனை அனுப்பித் தனித்தனியாகப் போகிறதா என்று பார்ப்பது இங்கும் கட்டாயம்.

வாட்ஸ்அப்பையும் விட வேண்டாம்

படம், குரல் செய்தி, நீளமான கணக்கு விவரம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வசதி. ஆனால் குழுவுக்குப் பதிலாகப் பலருக்குப் பிராட்காஸ்ட் லிஸ்ட் பொருத்தம்: ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை, ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். குழு என்றால் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள். இல்லையேல் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் மதகு சேதி புதைந்துவிடும்.

வெள்ள எச்சரிக்கை போன்றதற்கு எஸ்எம்எஸ் மட்டும் போதாது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் கவுண்டன்யா ஆற்றிலும் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றோரத் தெருக்களுக்கு எஸ்எம்எஸ் போட்ட கையோடு போன் போட்டுப் பேசவும் ஒரு ஆள் வேண்டும். மோர்தானா அணை நிலவரத்தை அதிகாரிகள் சொன்ன பிறகே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அனுப்புங்கள். கேள்விப்பட்டதை அனுப்பக் கூடாது.

கடைக்கு விளம்பரம் என்றால் இந்த வழி வேண்டாம்

இதுவரை சொன்னது உறுப்பினருக்குச் சங்கம் சொல்லும் தகவலுக்கு. ஆடித் தள்ளுபடி, புது பிளாட், சீட்டு, டியூஷன் சேர்க்கை போன்ற வியாபாரச் செய்திகளை உங்கள் சொந்த 10 இலக்க எண்ணிலிருந்து மொத்தமாக அனுப்பக் கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி, அதற்கு டிஎல்டி எனப்படும் பதிவேட்டில் நிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் நால்வரும் இதற்கான தளம் நடத்துகிறார்கள். நிறுவனத்தின் பான் போன்ற ஆவணங்களைக் கொடுத்து, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக மாதிரியையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு ஒத்துப்போகாத செய்தி நடுவழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச்சில் இந்தச் சோதனையை முதலில் கறாராக நடத்தியபோது வங்கி ஓடிபிகளே நின்றுபோய், சில நாள் தள்ளிவைக்க வேண்டி வந்தது. 2024 அக்டோபர் முதல், செய்தியில் வரும் இணைய முகவரிகளையும் முன்பே பதிய வேண்டும்.

பதிவு செய்யாமல் அனுப்பினால்? யார் வேண்டுமானாலும் 1909-க்குப் புகார் செய்யலாம். 2025 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கும். முதல் தடவை வெளிச்செல்லும் வசதி 15 நாள் முடங்கும். மறுபடி செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டு துண்டிக்கப்படும். வங்கி, ஆதார் என்று எல்லாம் அந்த எண்ணோடு கட்டியிருக்கும் காலத்தில் இது சாதாரணத் தண்டனை இல்லை. சம்மதப் பத்தியை நோட்டில் எழுதச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்ப வேண்டிய பள்ளி, கூட்டுறவு, பெரிய கோயில் நிர்வாகம் போன்றவையும் டிஎல்டி வழிக்கே போவது நல்லது. பதிவு முடிந்துவிட்டால் ஒரு எஸ்எம்எஸ் சேவை நிறுவனம் மூலம் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பிவிடலாம்.

'பல்க் எஸ்எம்எஸ்' என்று பிளே ஸ்டோரில் குவிந்து கிடக்கும் இலவச ஆப்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவை கேட்கும் முதல் அனுமதியே உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும் அனுப்பவும்தான். உங்கள் வங்கி ஓடிபி வருவதும் அதே பெட்டிக்குத்தான். 200 பேருக்குக் கையால் அனுப்ப ஆகும் நேரத்தை மிச்சம் பிடிக்க அந்தச் சாவியைத் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டாம். ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக வருவதைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் செய்தியே மோசடிச் செய்தி மாதிரி தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். லிங்க் போடாதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் பணம் கேட்காதீர்கள். திருவிழா வரி, சந்தா எல்லாம் ஆள் நேரில் வந்து ரசீது கொடுத்து வாங்கட்டும். "சங்கத்திலிருந்து எந்தச் செய்தியிலும் பணம் கேட்க மாட்டோம்" என்று கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால், யாராவது சங்கத்தின் பெயரில் பணம் கேட்டு அனுப்பினாலும் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள்.

அனுப்பிய பிறகு

ஒரு மணி நேரம் கழித்து டெலிவரி ரிப்போர்ட்டைப் பாருங்கள். போய்ச் சேராத எண்களை நோட்டில் பென்சிலால் வட்டமிடுங்கள். மறுநாளும் சேரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சேதியும் சொல்லி, புது எண்ணையும் வாங்கி வரச் சொல்லுங்கள். மூன்று மாதம் ரீசார்ஜ் இல்லாமல் விட்டதால் எண் போனவர்கள் ஊரில் நிறைய. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளுக்குப் பிறகு கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் எங்கோ இருக்கும் அந்நியருக்கு உங்கள் ஏரி மதகுச் சேதி போய்க்கொண்டிருக்கும், புகாரும் அங்கிருந்துதான் வரும். வட்டமிட்ட எண்ணை உடனே லேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள்.

செய்தியில் தப்பு போய்விட்டால், சரியான செய்தியை 'திருத்தம்' என்ற சொல்லில் தொடங்கி அனுப்புங்கள். அன்றைய 100-ல் அதற்கும் இடம் வேண்டும் என்பதால்தான் ஆளுக்கு 90-க்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். மீதி 10 தெரு முக்கியஸ்தர்களுக்குப் போதும். மற்றவர்களுக்கு அவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலின் நகல் ஒன்று இன்னொரு நிர்வாகியிடமும் இருக்கட்டும். கூகுள் கான்டாக்ட்ஸின் இணையப் பக்கத்தில் லேபிளை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரே கோப்பாக வரும். செயலாளர் மாறும்போது நோட்டோடு அந்தக் கோப்பையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். பழைய செயலாளர் தன் போனில் இருப்பதை அழித்துவிடுவதும் அன்றே நடக்கட்டும்.